காலை உணவும் செரிமானமும்: சீன மருத்துவம் கூறுவது என்ன? நாம் ஏற்கத்தக்கது எது?

பெங்களூரு: "காலை 7 மணி முதல் 9 மணி வரை இரைப்பையின் நேரம். அந்த நேரத்தில் சூடான கஞ்சி அருந்தாவிட்டால் மண்ணீரல் பலவீனமடையும்." பாரம்பரிய சீன மருத்துவத்தின் பெயரால் இத்தகைய குறிப்புகள் சமூக வலைதளங்களில் பரவலாகப் பகிரப்படுகின்றன. அலுவலகப் பேருந்தைப் பிடிப்பதற்காகக் காலை உணவைத் தவிர்ப்போரும், நெஞ்செரிச்சலுக்கு மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்குவோரும் மிகுந்த பெங்களூரு போன்ற நகரங்களில் இக்குறிப்புகள் எளிதில் கவனம் ஈர்க்கின்றன.

சீன மருத்துவம் உண்மையில் கூறுவது என்ன, அது நம் நாட்டு மருத்துவ மரபுகளோடு எங்கே ஒத்துப்போகிறது, நவீன அறிவியல் எதனை உறுதி செய்கிறது, யாருக்கு எச்சரிக்கை தேவை என்பவற்றை விளக்குகிறது இத்தொகுப்பு.

'மண்ணீரல்' என்பது மண்ணீரல் அல்ல

சீன மருத்துவத்தில் செரிமானத்தின் இரு தூண்களாகக் கூறப்படுபவை 'வெய்', 'பி' என்பவை. 'வெய்' என்பது இரைப்பை. உணவை ஏற்றுப் பக்குவப்படுத்துவது அதன் பணி. 'பி' என்பது அந்த உணவின் சாரத்தைப் பிரித்து, உடல் முழுவதற்கும் அனுப்பும் ஆற்றலாகக் கருதப்படுகிறது. இந்த 'பி' என்ற சொல்லே பிற மொழிகளில் 'மண்ணீரல்' என மொழிபெயர்க்கப்படுகிறது. குழப்பம் தொடங்குவதும் இங்கேதான்.

நவீன உடற்கூறியலின்படி மண்ணீரல், பழைய இரத்த அணுக்களை அகற்றி, நோய் எதிர்ப்புக்குத் துணைபுரியும் உறுப்பாகும். செரிமானத்தில் அதற்கு நேரடிப் பங்கு இல்லை. விபத்தினாலோ நோயினாலோ மண்ணீரல் அகற்றப்பட்டவர்களும் வழக்கம்போல் உணவைச் செரிக்கின்றனர்; அவர்களுக்குத் தேவைப்படுவது தொற்றுநோய்களுக்கு எதிரான கூடுதல் பாதுகாப்பே. ஆகவே, சீன நூல் 'பி பலவீனம்' என்று குறிப்பிடும்போது, பசியின்மை, உண்டபின் வயிறு உப்புதல், மலம் இளகிப் போதல், உடற்சோர்வு ஆகியவை ஒருங்கே அமைந்த நிலையையே குறிப்பிடுகிறது. நம் வழக்கில் இதனை 'மந்தம்' என்று கூறலாம்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மலேரியா, கல்லீரல் நோய், சிலவகை இரத்தப் புற்றுநோய் ஆகியவற்றில் மண்ணீரல் உண்மையாகவே வீங்கும். அதனைக் கஞ்சியால் சரிசெய்ய இயலாது. மருத்துவப் பரிசோதனை அறிக்கையில் 'மண்ணீரல் வீக்கம்' என்று குறிப்பிடப்பட்டிருந்தால், அதற்கும் சமூக வலைதளக் குறிப்பில் வரும் 'மண்ணீரல் பலவீனத்திற்கும்' எவ்விதத் தொடர்பும் இல்லை.

முற்றுகையில் பிறந்த கோட்பாடு

சீன மருத்துவத்தின் அடிப்படை நூலான 'ஹுவாங்டி நெய்ஜிங்' ஈராயிரம் ஆண்டுகள் பழமையானது. எனினும், இரைப்பையையும் 'பி'யையும் மருத்துவத்தின் மையத்திற்குக் கொண்டுவந்தவர் கி.பி. 1180 முதல் 1251 வரை வாழ்ந்த லி டோங்யுவான் என்னும் மருத்துவர் ஆவார். 1232ஆம் ஆண்டு மங்கோலியப் படை, இன்றைய கைஃபெங் நகரை முற்றுகையிட்டது. முற்றுகை விலகிய பிறகும் மக்கள் பெருமளவில் நோயுற்று மடிந்தனர். இவர்களை வெளியிலிருந்து வந்த நோய் மட்டும் கொல்லவில்லை; பட்டினியும், காலந்தவறிய உணவும், ஓயாத உழைப்பும், அச்சமும் முன்னரே இவர்களின் செரிமான ஆற்றலைச் சிதைத்துவிட்டன என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவரது 'பி வெய் லுன்' என்னும் நூல் இக்கருத்தை விரித்துரைக்கிறது.

காலை உணவு பற்றிய சீன அறிவுரைகளின் வேர் இங்கேதான் உள்ளது. உணவின் வகை மட்டுமன்றி, உண்ணும் நேரத்தின் ஒழுங்கும், உழைப்பின் அளவும், மனத்தின் நிலையும் சேர்ந்தே செரிமானத்தைத் தீர்மானிக்கின்றன என்பதே அந்நூலின் அடிப்படைக் கருத்து. இன்று பரப்பப்படும் குறிப்புகளில் உணவும் கடிகாரமும் மட்டுமே எஞ்சியுள்ளன. உழைப்பும் கவலையும் காணாமற்போய்விட்டன.

7 மணி முதல் 9 மணி வரை: கடிகாரக் கணக்கு

பண்டைய சீனர்கள் ஒரு நாளை இரண்டு மணி நேரம் கொண்ட 12 பகுதிகளாகப் பிரித்தனர். பிற்காலத்தில் ஒவ்வொரு பகுதியும் ஓர் உள்ளுறுப்போடு இணைக்கப்பட்டது. அதன்படி காலை 5 முதல் 7 வரை பெருங்குடலுக்கும், 7 முதல் 9 வரை இரைப்பைக்கும், 9 முதல் 11 வரை 'பி'க்கும் உரிய நேரமாகும். எழுந்தவுடன் மலம் கழித்தல், அதன்பின் உண்ணுதல், உண்டதன் சாரம் உடலில் பரவுதல் என்ற வரிசை இதில் அமைந்திருப்பதைக் காணலாம்.

ஆனால் அந்த நேரங்கள் சூரியனின் போக்கைக் கொண்டு கணக்கிடப்பட்டவை. இன்றைய கைக்கடிகாரத்தோடு அவை அப்படியே பொருந்துவதில்லை. பெங்களூருவில் சூரிய நேரம், இந்திய நேரத்தைவிட ஏறத்தாழ 20 நிமிடங்கள் பின்தங்கியுள்ளது. சீனாவில் 1949 முதல் நாடு முழுவதற்கும் பெய்ஜிங் நேரமே நடைமுறையில் உள்ளதால், மேற்கு எல்லையான சின்ஜியாங்கில் காலை 7 மணிக்கு இன்னும் விடிந்திருக்காத நாள்கள் பல உண்டு. எனவே, 9 மணியைத் தாண்டினால் இரைப்பை 'மூடிக்கொள்ளும்' என்று அஞ்ச வேண்டியதில்லை.

அதேவேளையில், உடலுக்கு ஒரு நாள்கடிகாரம் உண்டு என்பது நிறுவப்பட்ட உண்மையாகும். அதன் மூலக்கூற்று இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பொதுவாக, இரைப்பை இரவைவிடக் காலையில் விரைந்து உணவைக் குடலுக்குத் தள்ளுகிறது. இன்சுலினுக்கு உடல் காட்டும் இசைவும் காலையில் கூடுதலாக உள்ளது. வெறும் வயிற்றில் உணவோ வெந்நீரோ காப்பியோ சென்றதும் பெருங்குடல் அசைந்து, மலம் கழிக்கும் உணர்வு எழுவதும் காலையில் வலுவாக நிகழ்கிறது. மலச்சிக்கல் உள்ளவர்கள் காலை உணவுக்குப் பிறகு சிறிது நேரம் கழிப்பறைக்கென ஒதுக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துவது இதனாலேயே. பழைய வரிசையும் புதிய உடலியலும் இங்கு ஓரளவு ஒத்துப்போகின்றன; இரு மணி நேரத்திற்கு ஓர் உறுப்பு என்ற பங்கீட்டிற்கு மட்டும் அறிவியல் சான்று இல்லை.

உலகிற்குப் பெயர் தந்த கஞ்சி

சீன மருத்துவம் காலைக்குப் பரிந்துரைக்கும் உணவுகளில் முதன்மையானது 'ஜோ' எனப்படும் அரிசிக் கஞ்சி. தெற்கே அரிசியிலும், வடக்கே பெரும்பாலும் தினையிலும் அது காய்ச்சப்படுகிறது. இந்தச் சீனக் கஞ்சியை ஆங்கிலம் குறிப்பிடும் 'காஞ்சீ' என்ற சொல், நம் கஞ்சி என்ற திராவிடச் சொல்லே. போர்த்துகீசியர் வழியாக அது ஐரோப்பா சென்று, அங்கிருந்து சீன உணவின் பெயராக உலகம் சுற்றியது. கன்னடத்தில் அதுவே 'கஞ்ஜி' என வழங்குகிறது.

தானியமும் நமக்குப் புதிதன்று. வட சீனாவில் சுமார் 8 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்ட தினை, தமிழ் இலக்கியத்தில் குறிஞ்சி நிலத்தின் பயிர். கர்நாடகத்தில் அது 'நவணெ'. இன்று பெங்களூருவின் சிறுதானியக் கடைகளில் அது எளிதாகக் கிடைக்கிறது.

கஞ்சியை மருந்தாகக் கருதும் மரபும் இரு நாடுகளுக்கும் பொதுவானது. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சீன மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங், காய்ச்சலுக்கான லவங்கப்பட்டைக் குச்சிக் கஷாயத்தை அருந்தியபின் சூடான நீர்த்த கஞ்சியைக் குடிக்க வேண்டும் என்று விதித்தார். ஆயுர்வேதத்தின் சரக சம்ஹிதை, தனது இரண்டாம் அத்தியாயத்திலேயே 28 வகைக் கஞ்சிகளை வரிசைப்படுத்துகிறது. உடல் சுத்தி சிகிச்சைக்குப் பின் முதலில் நீர்த்த கஞ்சி, பிறகு கெட்டியான கஞ்சி, அதன்பின் சோறு எனப் படிப்படியாக உணவளிக்கும் முறையையும் ஆயுர்வேதம் பின்பற்றுகிறது. ஓய்ந்த நெருப்பைச் சிறு சுள்ளியிட்டு மூட்டுவது போல, தளர்ந்த செரிமானத்தை இலகுவான உணவால் மீட்பதே இதன் நோக்கம். ஆயுர்வேதம் அதனை 'அக்னி' என்கிறது. சீன மருத்துவம் 'பி'யின் வெப்பம் என்கிறது.

பசியா, கடிகாரமா?

இரு மரபுகளும் வேறுபடும் முக்கிய இடம் ஒன்றுண்டு. சீனக் குறிப்புகள் நேரத்தை வலியுறுத்துகின்றன. ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் பசியை முன்னிறுத்துகின்றன. முன்பு உண்டது செரித்த பிறகே மீண்டும் உண்ண வேண்டும் என்பது இவற்றின் அடிப்படை விதி. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து' வலியுறுத்துவதும் இதுவே.

இரவு 11 மணிக்கு உணவு உண்டவருக்குக் காலை 7 மணிக்குப் பசி எடுக்காமல் இருக்கலாம். அந்நிலையில் குறை காலை உணவில் இல்லை, இரவு உணவில் உள்ளது. இரவு உணவை முன்னதாக முடித்தால் காலைப் பசி தானாகத் திரும்புவதைப் பலரும் உணர்வர். வெளிநாட்டு நேரத்திற்கேற்பப் பணிபுரியும் பெங்களூரு தகவல் தொழில்நுட்ப ஊழியர்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும்.

காலை உணவைத் தவிர்ப்பதே உடல் பருமனுக்குக் காரணம் என்று நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகிறது. ஆனால் 13 மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து, பிரிட்டிஷ் மருத்துவ இதழான 'பிஎம்ஜே' 2019இல் வெளியிட்ட கட்டுரை, காலை உணவைச் சேர்ப்பதால் எடை குறைவதாகச் சான்று இல்லை என்று தெரிவித்தது. அந்த ஆய்வுகளின் தரம் குறைவானது என்பதையும் அதன் ஆசிரியர்களே சுட்டிக்காட்டினர். எனவே, பசியில்லாத ஒருவர் கட்டாயப்படுத்தி உண்ண வேண்டியதில்லை. பசியோடு இருப்பவர் வேலையின் பொருட்டு அதனை அடக்குவதே தவிர்க்கப்பட வேண்டியது.

பெங்களூருவின் காலைத் தட்டு

சீன மருத்துவத்தின் மற்றொரு வலியுறுத்தல், காலையில் குளிர்ந்ததும் பச்சையானதுமான உணவைத் தவிர்த்து, சமைத்த சூடான உணவை உண்பது. இந்த அளவுகோலின்படி இட்லி பெரும்பாலும் தேறிவிடும். அது ஆவியில் வெந்தது, எண்ணெய் குறைவானது, மாவு புளிக்கும்போதே அரிசியும் உளுந்தும் ஓரளவு சிதைந்து செரிமானத்திற்கு எளிதாகிவிடுகின்றன. 1924இல் தொடங்கப்பட்ட பெங்களூருவின் எம்.டி.ஆர். உணவகம், இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டின்போது ரவையைக் கொண்டு ரவா இட்லியை உருவாக்கியது. நெய் ஒழுகும் மசால் தோசையும், எண்ணெயில் பொரித்த வடையும், வெறும் வயிற்றில் குடிக்கும் காப்பியும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குத் தொல்லை தரக்கூடியவை.

எனினும், சூடான உணவு என்ற விதி எல்லா நிலத்திற்கும் ஒன்றுபோல் பொருந்தாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூருவில், மார்கழிக் காலையில் சூடான கஞ்சி இதமளிக்கும். கோடையில் தமிழகச் சமவெளியில் பழைய சோறும் மோரும், கர்நாடகச் சிற்றூர்களில் கேழ்வரகு அம்பலியும் குளிர்ச்சியாகவே அருந்தப்படுகின்றன. பருவத்திற்கும் நிலத்திற்கும் ஏற்ப உணவை மாற்ற வேண்டும் என்பதைச் சீன மருத்துவமும் ஏற்கிறது. ஆரோக்கியமானவருக்குக் குளிர்ந்த நீர் செரிமானத்தைக் கெடுக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

கஞ்சி யாருக்கு ஏற்றதல்ல?

எளிதில் செரிப்பதே கஞ்சியின் சிறப்பு. நீரிழிவு நோயாளிகளுக்கு அதுவே குறையாகிறது. குழைய வேகவைத்த வெள்ளரிசிக் கஞ்சி இரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்தும். நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சியும் இதற்கு விலக்கல்ல. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருந்தாலும், அதில் பெரும்பகுதி மாவுச்சத்தே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. இத்தகைய நாட்டில், 'அனைவருக்கும் காலைக் கஞ்சி' என்ற அறிவுரையை அப்படியே ஏற்பது ஆபத்தானது. நீரிழிவு உள்ளோர் உடைத்த தானியத்தைப் பயன்படுத்தி, அளவைக் குறைத்து, பயறு, முட்டை, காய்கறி ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

இன்சுலின் போடுபவர்களும் சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளை உட்கொள்பவர்களும் மருந்தை எடுத்துக்கொண்டு காலை உணவைத் தவிர்த்தால் சர்க்கரை அபாயகரமாகக் குறையக்கூடும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் உட்கொண்டு, காப்பிக்கும் உணவுக்கும் முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகள், காலை உணவுக்குச் சுமார் அரை மணி நேரம் முன் எடுத்தால்தான் நன்கு வேலை செய்யும். அவற்றை மருத்துவர் ஆலோசனையின்றி மாதக்கணக்கில் தொடரக் கூடாது.

'சாப்பிடாவிட்டால் அல்சர்' உண்மையா?

காலை உணவைத் தவிர்த்தால் குடற்புண் வரும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. இரைப்பைப் புண்ணின் முதன்மைக் காரணங்கள் இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவும், வலிநிவாரணி மாத்திரைகளின் தொடர் பயன்பாடும். இப்பாக்டீரியாவின் பங்கைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகியோர் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். பட்டினி, ஏற்கெனவே உள்ள புண்ணின் வலியை உணர்த்தலாம், அதனைத் தோற்றுவிப்பதில்லை. ஆகவே, நேரத்திற்குக் கஞ்சி குடித்தும் வலி நீங்கவில்லை எனில், கஞ்சியை மாற்றுவதால் பயனில்லை, பரிசோதனையே தேவை.

கருநிற மலம், இரத்த வாந்தி, விழுங்குவதில் சிரமம், காரணமற்ற எடை இழப்பு, இரத்தசோகை, தொடர் வாந்தி, நடுத்தர வயதுக்குப் பின் புதிதாகத் தோன்றும் வயிற்றுக் கோளாறு ஆகியவை காணப்பட்டால் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி ஆகியவற்றை 'கேஸ்' எனக் கருதிக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். அது மாரடைப்பாக இருக்கக்கூடும். உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

மூலிகைப் பொட்டலங்களில் எச்சரிக்கை

உணவு அறிவுரை வேறு, மருந்து வேறு. இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வரும் முறைகளில் ஆயுர்வேதம், சித்தா, யுனானி, யோகா, இயற்கை மருத்துவம், சோவா ரிக்பா, ஹோமியோபதி ஆகியவை உள்ளன. சீன மூலிகை மருத்துவம் இடம்பெறவில்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், எடை குறைப்பு மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனத் தாவரம் தவறுதலாகச் சேர்ந்ததால், பல பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. நம் ஊரின் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனத்தைச் சேர்ந்ததே. 'இயற்கையானது' என்ற சொல் பாதுகாப்புக்கு உத்தரவாதம் அன்று.

உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் சீன மருத்துவ மரபின் நோய்நிலைகளும், 2024 ஜனவரி முதல் ஆயுர்வேத, சித்த, யுனானி நோய்நிலைகளும் சேர்க்கப்பட்டுள்ளன. இது நோய்களைப் பதிவுசெய்து கணக்கெடுக்க உதவும் ஏற்பாடே. சிகிச்சையின் பலனுக்கு அளிக்கப்பட்ட சான்றிதழ் அன்று. மரபு மருத்துவ ஆலோசனையை நாடுவோருக்குப் பெங்களூருவில் தேசிய யுனானி மருத்துவ நிறுவனமும், தன்வந்திரி சாலையில் அரசு ஆயுர்வேத மருத்துவமனையும் உள்ளன.

நேரமும் தட்டும் இருந்தால்தானே

காலை உணவு பற்றிய அறிவுரைகள் அனைத்தும், உண்பதற்கு உணவும் நேரமும் இருக்கிறது என்ற அனுமானத்தில் எழுதப்படுகின்றன. அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தமிழகத்தில் 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தை அடியொற்றி, 2017 ஆகஸ்டில் பெங்களூருவில் இந்திரா கேன்டீன்கள் 5 ரூபாய்க்குக் காலைச் சிற்றுண்டியுடன் தொடங்கப்பட்டன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் தமிழகம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. பட்டினியும் உழைப்பும் கவலையும் செரிமானத்தைச் சிதைக்கும் என்று கைஃபெங் நகரில் லி டோங்யுவான் கண்டதற்கு, அரசுகள் அளிக்கத்தக்க பொருத்தமான விடை இத்தகைய திட்டங்களே எனலாம்.

சுருக்கமாக

• காலையில் பசித்தபின், ஏறத்தாழ ஒரே நேரத்தில், அமர்ந்து மென்று உண்ண வேண்டும்.

• சமைத்த, இலகுவான உணவைத் தேர்ந்தெடுக்கலாம், பருவத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

• காலையில் பசிக்கவில்லை எனில் இரவு உணவை முன்னதாக முடிக்க வேண்டும்.

• நீரிழிவு உள்ளோர் குழைந்த கஞ்சியைத் தவிர்த்து, புரதமும் நார்ச்சத்தும் சேர்க்க வேண்டும்.

• பெயர் தெரியாத மூலிகைப் பொடிகளை இணையத்தில் வாங்கி உட்கொள்ளக் கூடாது.

• இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுக் கோளாறுக்கு மருத்துவரை அணுக வேண்டும்.

இத்தொகுப்பு பொதுத் தகவலுக்கானது. மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகாது என்பது குறிப்பிடத்தக்கது.